பி.காம். முதலாண்டில் நிதித்துறையை அறிய: ஃபோரேஜ், என்ஐஎஸ்எம், ஏசெட், சிஏ ஃபவுண்டேஷன்

கல்லூரியில் சேர்ந்த கையோடு சிஏவுக்கு (பட்டயக் கணக்காளர் படிப்பு) பணம் கட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். நிதித்துறை தனக்குப் பிடிக்குமா என்பதே தெரியாத மாணவர் அங்கே தொடங்க வேண்டியதில்லை. செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன.

ஃபோரேஜ் தளத்தில் ஜே.பி. மார்கன் போன்ற நிறுவனங்களின் மாதிரிப் பணிகள் இலவசமாகக் கிடைக்கும். ஒரு சனி, ஞாயிறு போதும். மாதிரி விடையைத் திறக்கும் முன் எக்செல்லில் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் சான்றிதழ்தான் மிஞ்சும், வேலைக்கு எடுப்பவரிடம் அதற்குப் பெரிய மதிப்பில்லை.

அடுத்த படியாக நாங்கள் சொல்வது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி நிறுவிய கல்வி நிறுவனமான என்ஐஎஸ்எம்மின் தேர்வுகள். பாடப் புத்தகத்தை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தருக்கான 5-ஏ தேர்வில் 2 மணி நேரம், 100 கேள்விகள். 50 மார்க் எடுத்தால் தேர்ச்சி, நெகட்டிவ் மார்க் கிடையாது. ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸ் (பங்கு சார்ந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்; வரிசை 8) தேர்வுக்கு 60 மார்க் வேண்டும், தவறான விடைக்குக் கால் பங்கு கழியும். எனவே 5-ஏ முதலில். இரண்டு சிக்கல்கள் உண்டு. பதிவுக்கு பான் அட்டை கட்டாயம். நம் பிள்ளைகளுக்குக் கல்லூரி ஆவணத்தில் இனிஷியல், பானில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருக்கும். பானில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். அடுத்து, சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். முதலாண்டிலேயே எழுதினால் டிகிரி முடித்த ஓராண்டுக்குள் காலாவதியாகிவிடும். ரெஸ்யூமேக்காக என்றால் இரண்டாம் ஆண்டுக் கடைசியில் எழுதுவது நல்லது.

கணக்கும் புள்ளியியலும் பிடித்தவருக்கு ஏசெட். ஆக்சுவரி (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் அபாயத்தைக் கணக்கிடுபவர்) படிப்பின் நுழைவுத் தேர்வு இது. பிளஸ் டூ முடித்தாலே எழுதலாம். 3 மணி நேரம், 70 கேள்விகள், 100 மார்க். அதில் 60 மார்க் கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் போகிறது. பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர் இதில் திணறுவார்.

சிஏ படிப்பின் முதல் தேர்வான ஃபவுண்டேஷனை, துறையை எட்டிப் பார்க்கும் வழி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 4 தாள்கள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 400-க்கு 200 வேண்டும். அக்கவுன்டிங்கில் 80 எடுத்தவர் குவான்டில் (கணிதம், புள்ளியியல் தாள்) 38 எடுத்தால் நான்கையும் திரும்ப எழுத வேண்டும். இதைத் தவறவிட்டாலும் கதவு மூடிவிடாது: பி.காம்.மில் 55 சதவீதம் எடுத்தவர் ஃபவுண்டேஷன் இல்லாமலே நேரடியாக அடுத்த நிலையான இன்டர்மீடியட்டில் சேரலாம் (வணிகவியல் அல்லாத டிகிரிக்கு 60). ஆனால் தணிக்கைதான் என்று ஏற்கெனவே முடிவெடுத்தவர் முதலாண்டிலேயே எழுதட்டும். இன்டர்மீடியட்டைக் கல்லூரிக் காலத்திலேயே முடித்துவிட்டால், டிகிரி வந்ததும் 2 ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப்பில் (சிஏ ஒருவரிடம் பெறும் நடைமுறைப் பயிற்சி) நேராக இறங்கலாம்.

சிஎஃப்ஏ (முதலீட்டுப் பகுப்பாய்வுக்கான சர்வதேசத் தகுதி) பற்றிக் கேட்பவர்களுக்கு: முதல் நிலைத் தேர்வை டிகிரி முடிய 23 மாதங்களோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போதுதான் எழுத முடியும். மூன்றாண்டுப் படிப்பில் முதலாண்டு மாணவர் அதற்காக இப்போதே கோச்சிங் கட்டணம் செலுத்த வேண்டாம்.