காந்தி நகரா, சத்துவாச்சாரியா? ஸ்கூலை வைத்து வீடு தேடும் வேலூர்க்காரர்களுக்கு

வேலூரில் வீடு பார்க்கக் கிளம்பினால், தரகர் சதுர அடி விலையைச் சொல்வதற்கு முன்பே பக்கத்தில் என்ன ஸ்கூல் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். "நடந்து போற தூரம்தான் சார், பிள்ளைங்க படிப்பைப் பத்திக் கவலையே வேணாம்." என் தங்கை குடும்பத்துக்காக நான்கு மாதம் அலைந்தபோது இதைக் காட்பாடியிலும் கேட்டேன், சத்துவாச்சாரியிலும் கேட்டேன். கடைசியில் இரண்டு வீடுகள் மிஞ்சின. ஒன்று பாலாற்றுக்கு அந்தப் பக்கம் காட்பாடி காந்தி நகரில் பழைய தனி வீடு. இன்னொன்று சத்துவாச்சாரி வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில், அதைவிடக் கொஞ்சம் பெரியது, விலையும் குறைவு. தங்கை மகள் அப்போது யுகேஜி.

காந்தி நகருக்கு மக்கள் கூடுதல் விலை கொடுக்கக் காரணம் ஊருக்கே தெரியும். டான் போஸ்கோ, ஆக்சீலியம் பள்ளிகள் அங்கேதான். விருதம்பட்டு பக்கம் ஐடா ஸ்கடர் ஸ்கூல், திருவலம் சாலையில் பிரம்மபுரம் போனால் சிருஷ்டி. காலை எட்டு மணிக்கு ஓடைப்பிள்ளையார் கோயில் நிறுத்தத்தில் நின்று பார்த்தால் ஊரில் பாதிப் பிள்ளைகள் ஆற்றைத் தாண்டி இங்கேதான் வருகிறார்களோ என்று தோன்றும்.

ஆனால் ஒன்றை நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். சில நாடுகளில் எந்தத் தெருவில் குடியிருக்கிறோமோ அந்த வட்டாரத்துப் பள்ளியில் இடம் உண்டு. அங்கே வீட்டு விலையோடு ஸ்கூலையும் சேர்த்தே வாங்குகிறார்கள். நம் ஊரில் தனியார் பள்ளியில் அப்படி எந்த உரிமையும் கிடையாது. பள்ளி மதில் தெரியும் வீட்டில் குடியிருந்துகொண்டே "சீட் முடிஞ்சிருச்சு" என்ற பதிலோடு திரும்பியவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். முகவரிக்கு மதிப்பு இருப்பது, கட்டாயக் கல்விச் சட்டப்படி நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடங்களில்தான். நம் மாநிலத்தில் அதற்கு ஒரு கிலோமீட்டர் தூரம் பார்க்கிறார்கள், நலிந்த பிரிவில் கேட்டால் வருமான வரம்பும் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் கிறிஸ்தவ மிஷன் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்குகிறவருக்கு அந்த வழியும் இல்லை.

அப்படியானால் அந்தக் கூடுதல் விலைக்கு என்னதான் கிடைக்கிறது? நேரம். நான் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி பள்ளிக்குப் போகும் பிள்ளை கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாட்டி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, விருதம்பட்டு வழியாகப் போக வேண்டும். வேன் எல்லாத் தெருவிலும் நின்று நின்று போவதால், வண்டியில் அரை மணியில் போகிற தூரம் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆறு வயதுக் குழந்தை தினமும் இரண்டு மணி நேரம் வேனில் உட்கார்ந்திருப்பதை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. காந்தி நகர் வீட்டில் இருந்தால் அந்த இரண்டு மணி நேரம் தூக்கமாகவும் விளையாட்டாகவும் மாறும்.

சரி, அதற்காக வீட்டையே அங்கே வாங்க வேண்டுமா? இங்கே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்குப் பத்திரம் என்றால் 5 லட்சத்து 40 ஆயிரம் அதற்கே போய்விடும். ஸ்கூல் பிடிக்காமல் ஐந்தாறு வருடத்தில் விற்றுவிட்டு வேறு இடத்தில் வாங்கினால், இந்தச் செலவு இன்னொரு முறை. ஸ்கூலை மாற்ற ஒரு டிசி போதும்.

பள்ளியின் பெயரும் நிலையாக நிற்பதில்லை. ஒரு நல்ல தலைமையாசிரியை ஓய்வு பெற்றதும் ஐந்து வருடத்தில் பேச்சு மாறிவிடுகிறது. 2017 முதல் அரசு பொதுத்தேர்வில் ரேங்க் பட்டியல் வெளியிடுவதில்லை. அதனால் பெற்றோர் வாசலில் தொங்கும் பிளக்ஸ் பேனரைத்தான் நம்புகிறார்கள். நூறு சதவீதம் என்று போட்டிருந்தால், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியது எத்தனை பேர் என்று கேளுங்கள். நடுவில் டிசி கொடுத்து அனுப்பிய பிள்ளைகள் அந்தப் பேனரில் இருக்க மாட்டார்கள்.

தரகர்கள் வாயே திறக்காத இன்னொன்று அரசுப் பள்ளி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது, மறு வருடம் பொறியியலுக்கும் விரிந்தது. அங்கே படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். ஒரு நல்ல அரசு மேல்நிலைப் பள்ளி பக்கத்தில் இருப்பதை எந்த வீட்டு விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வாடகைக்கு விடுவது, திரும்ப விற்பது என்று பார்த்தால் காந்தி நகருக்கு ஒரு பிடி அதிகம். காட்பாடி ஜங்ஷன் பக்கம், விஐடி பல்கலைக்கழக ஆட்கள் குடி தேடி வந்துகொண்டே இருப்பார்கள். வேலூர் வீட்டு விலையை உண்மையில் தாங்கி நிற்பது சிஎம்சி மருத்துவமனையும் விஐடியும்தான், பள்ளிகள் அவற்றுக்குப் பின்னால்தான் வரும். சத்துவாச்சாரிக்குக் கலெக்டர் ஆபீஸ், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை, வரிசையான மனைகள். வாரிய வீடு என்றால் முதல் ஒதுக்கீட்டுதாரர் வாரியத்திடம் கிரயப் பத்திரம் வாங்கிவிட்டாரா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. அது இல்லாமலே கைமாறிய வீடுகள் உண்டு. பாகாயமும் பார்த்தோம். அமைதியான இடம், சிஎம்சியில் வேலை என்றால் அதைவிட வசதி இல்லை. எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

கணவன் மனைவி இருவருக்கும் காட்பாடிப் பக்கம் வேலை, பிள்ளைக்கு அங்கே சீட்டும் கையில் இருக்கிறது என்றால் காந்தி நகரிலேயே வாங்கலாம். சீட்டு மட்டும் இருந்தால் அங்கே வாடகைக்குப் போவது போதும். என் தங்கையிடம் இரண்டும் இல்லை. சத்துவாச்சாரி வீட்டையே வாங்கச் சொன்னேன், பிள்ளையையும் அங்கேயே பக்கத்தில் ஒரு பள்ளியில் சேர்க்கச் சொன்னேன். "காட்பாடி ஸ்கூல்னா எல்லாரும் மதிப்பாங்களேண்ணா" என்று இரண்டு நாள் மனசில்லாமல் இருந்தாள். மூன்றாம் நாள் அவளே தெருமுனையில் நின்று, காட்பாடிக்குப் போகும் வேன் டிரைவரிடம் காலையில் பிள்ளைகளை எத்தனை மணிக்கு ஏற்றுவீர்கள் என்று கேட்டாள். ஆறு ஐம்பது என்றார். அன்று சாயந்திரமே அட்வான்ஸ் கொடுத்தார்கள்.