வாங்கிய கோபுரமா, வீட்டுச் சமையலறையா?

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றில் மூன்று வயதுப் பிள்ளைக்கு, பிள்ளைகள் தாமே பொருட்களைக் கையாண்டு கற்கும் மொண்டிசோரி முறையைத் தொடங்க விரும்பும் பெற்றோர், உபகரணங்களை வாங்குவதா, வீட்டுப் பொருட்களே போதுமா என்று தயங்குவது இயல்பு. 1 முதல் 10 சென்ரிமீற்றர் வரை விளிம்புடைய 10 கனசதுரங்களாலான, அம்முறையின் உபகரணங்களில் ஒன்றான இளஞ்சிவப்புக் கோபுரத்தில் நிறமும் வடிவமும் மாறாமல் அளவு மட்டுமே மாறுவதால், பிள்ளையின் கவனம் அந்த ஒன்றிலேயே நிலைக்கிறது. இந்தத் துல்லியத்தைச் சிரட்டைகளை அடுக்கிப் பெற முடியாது. ஆனால், சிறு குவளையிலிருந்து தண்ணீர் ஊற்றுவதும், சிந்தியதைத் தானே துடைப்பதும், உலர்ந்த துணிகளை மடிப்பதும் வெறும் மாற்றீடுகள் அல்ல. அன்றாட வாழ்க்கைப் பயிற்சிகளாக அம்முறையிலேயே இடம்பெறுபவை. பயறையும் கடலையையும் பிரித்தெடுக்கக் கொடுத்தால், வாயில் போட்டுவிடாதபடி பெரியவர் ஒருவர் அருகிலிருப்பது கட்டாயம். ஆகவே சமையலறையிலிருந்தே தொடங்குமாறு சொல்வேன். பணம் இருந்தால், பின்னர் கோபுரத்தை மட்டும் வாங்கலாம்.