அழுகை முற்றும் முன்: உலக சுகாதார நிறுவனத்தின் பெற்றோர் பயிற்சி எப்படி?

‘பராமரிப்பாளர் திறன் பயிற்சி’ என்பது ஆட்டிசம் போன்ற வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கானது. நேரடி வடிவில் 9 குழு அமர்வுகள், 3 முறை வீட்டுக்கு வருகை. 2022-ல் வந்த இணைய வடிவத்துக்குக் கட்டணம் இல்லை.

ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு 6, 7-ஆம் அமர்வுகள்தான் உயிர். அழுகைக்கு முன்னால் என்ன நடந்தது என்று கவனிக்கப் பழக்குகின்றன. உதாரணத்துக்கு, மதுரை மாசி வீதியில் சித்திரைத் திருவிழாக் கொட்டுச் சத்தம். பிள்ளை காதைப் பொத்துகிறது, நுனிக்காலில் நிற்கிறது, அம்மாவின் முந்தானையை இழுக்கிறது. அந்தச் சில நொடிகளை விட்டுவிடக் கூடாது. பக்கத்துச் சந்துக்குள் ஒதுங்கி, முட்டி போட்டுக் குனிந்து, “சத்தம். போலாம்” என்று இரண்டே வார்த்தை. விளக்கிப் பேசினால் அதுவும் இன்னொரு சத்தமாகிவிடும். காதைத் தொட்டு ‘போலாம்’ என்று கேட்கும் சைகையை, பிள்ளை சிரித்து விளையாடும்போதே சொல்லிக்கொடுக்க வேண்டும். அழும்போது எதுவும் ஏறாது.

கூட்டுக்குடும்பத்தில் பிசகுவது வேறு இடத்தில். அம்மா பொறுமையாகக் காத்திருப்பார், அப்பத்தா மனசு கேட்காமல் போனைக் கொடுத்துவிடுவார். கத்தினால் போன் வரும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அப்பத்தாவையும் அமர்வில் உட்கார வைப்பது அவசியம்.

இணைய வடிவத்தின் பெரிய குறை, நாம் செய்வதைப் பார்த்துத் திருத்த ஆளில்லை. 2 நிமிட வீடியோ எடுத்துத் தெரபிஸ்டிடம் காட்டுங்கள்.