பிஎஃப்எம்எஸ்: சின்ன முதியோர் இல்லத்தின் கணக்கு மேசையிலிருந்து பார்த்தால்

மானியப் பணம் எங்கே நிற்கிறது என்று காட்டுவதில் பிஎஃப்எம்எஸ் (பொது நிதி மேலாண்மை அமைப்பு என்ற மத்திய அரசின் இணையதளம்) நன்றாகவே இருக்கிறது. ஆனால் வந்த பணத்தைச் செலவழிக்கும் இடத்தில், ஒரே ஒரு கணக்கரை வைத்துக்கொண்டு ஓடும் அமைப்புகளை அதை உருவாக்கியவர்கள் நினைத்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. மத்திய அரசு மானியம் வாங்கும் ஒரு முதியோர் இல்லத்தில் கணக்கு பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன், பெரிய அமைப்புகளுக்கு வேறு அனுபவம் இருக்கலாம்.

தெரியாதவர்களுக்கு: 2009-ல் சிபிஎஸ்எம்எஸ் என்ற பெயரில் தொடங்கி, இன்று நிதி அமைச்சகத்தின் தலைமைக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் நடத்தும் தளம் இது. டெல்லியில் சாங்ஷன் ஆர்டர் (மானிய ஒப்புதல் உத்தரவு) போட்டதிலிருந்து நம் வங்கிக் கணக்கில் விழுவது வரை பணத்தின் தடம் இதில் இருக்கும். முன்பெல்லாம் "செக் அனுப்பியாச்சு" என்ற ஒரு வார்த்தையை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும், இப்போது அந்தப் புலம்பல் இல்லை. இதற்கே பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

பதிவு செய்வது பெரிய கஷ்டம் இல்லை. நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் (தொண்டு நிறுவனங்களுக்கான பதிவுத் தளம்) எண், பான், வங்கிக் கணக்கு எல்லாம் கையில் இருக்க வேண்டும். தர்ப்பண் பதிவுக்குக் காசு கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று ஃபீஸ் கேட்கிறவர்களைத் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம். சிக்கல் வங்கியில்தான் வரும். அமைப்பின் பெயர் வங்கிப் பதிவில் ஒரு மாதிரியும் பானில் இன்னொரு மாதிரியும் இருந்தால் கணக்குச் சரிபார்ப்பு இழுத்துக்கொண்டே போகும். எங்கள் கிளையில் அறக்கட்டளையின் பெயரைப் பாதியில் வெட்டி ஏற்றி வைத்திருந்தார்கள், அதைத் திருத்தச் சொல்லி ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கியது தனிக்கதை.

அடுத்து இஏடி, அதாவது செலவைப் பதிந்து பணம் அனுப்பும் பகுதி. ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும், அதன் பிறகு டிஜிட்டல் கையெழுத்து, இல்லையென்றால் பேமென்ட் அட்வைஸை, அதாவது யாருக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று வங்கிக்குச் சொல்லும் தாளை, அச்சடித்துக் கையெழுத்திட்டு வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பொதுப்பணத்துக்கு இரண்டு கண் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் சின்ன இல்லத்தில் அந்த இரண்டாவது கண் யார்? ஓய்வுபெற்ற செயலாளர், அவருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே அலர்ஜி. கடைசியில் பல இடங்களில் இரண்டு பாஸ்வேர்டும் ஒரே நோட்டில், ஒரே ஆளின் டிராயரில் கிடக்கும். ஆடிட்டர்களுக்கும் இது தெரியும், கேட்கத்தான் மாட்டார்கள்.

காய்கறிக்காரரிடம் வங்கி விவரம் கேட்டால் "க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க சார், இதுக்கு எதுக்கு பாஸ்புக்" என்கிறார். அவரைத் தளத்தில் வெண்டராக (பணம் பெறுபவராக) ஏற்றி, பில் வாங்கி, பணம் போய்ச் சேர்வதற்குள் அடுத்த வாரக் காய் வந்துவிடுகிறது. மானியம் தாமதமானால் இன்னும் மோசம். இல்லத்தில் அடுப்பை அணைக்க முடியாது, நன்கொடைப் பணத்தில் அரிசி வாங்கிவிடுவோம், அப்புறம் மானியம் வந்ததும் ஏற்கெனவே கொடுத்த பணத்தை எப்படிக் காட்டுவது என்பதே பெரிய பஞ்சாயத்து.

யூசி, அதாவது மானியத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று விஷயத்துக்கு வருகிறேன், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2017 பொது நிதி விதிகளின்படி இதை 12-ஏ படிவத்தில் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து 12 மாதம் அவகாசம் என்று விதி 238 சொன்னாலும் அதை நம்பி இருக்காதீர்கள், யூசி போகாமல் அடுத்த தவணையை எதிர்பார்க்க முடியாது. படிவம் உண்மையில் நன்றாக வடிவமைத்தது: பழைய மீதி, அதற்கு வந்த வட்டி, திருப்பிக் கட்டிய வட்டி, இந்த ஆண்டு மானியம், செலவு, கடைசி மீதி. சம்பளம், பொதுச் செலவு, சொத்து உருவாக்கம் என்று செலவையும் பிரித்துக் காட்ட வேண்டும். சேமிப்புக் கணக்கில் விழும் வட்டி நம்முடையது இல்லை. கணக்கு முடித்த கையோடு அதை மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குத் திருப்பிவிட வேண்டும். வட்டியை வருமானத்தில் சேர்த்துச் செலவழித்துவிட்டு ஆடிட்டில் முழிக்கிற அமைப்புகள் இன்னும் இருக்கின்றன.

வட்டி கட்ட பாரத்கோஷ் என்ற, மத்திய அரசுக்குப் பணம் கட்டும் தளம் இருக்கிறது. இந்த மொத்த ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பதிவு செய்யாமலேயே கட்டலாம், ரசீதும் கிடைத்துவிடும், யாரையும் கெஞ்ச வேண்டாம். அமைச்சகத்தையும் எதற்காகக் கட்டுகிறோம் என்பதையும் மட்டும் சரியாகத் தேர்ந்தெடுங்கள், சந்தேகம் இருந்தால் மானியப் பிரிவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

பிஎஃப்எம்எஸ்ஸுக்கு ஐந்தில் மூன்று. இனிமேல்தான் மானியத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், கணக்கு தொடங்கும் முன்பே அந்தக் கிளையில் பேமென்ட் அட்வைஸ் என்றால் என்னவென்று தெரிந்த ஒரு ஆளாவது இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், டிஜிட்டல் கையெழுத்தையும் செயலாளர் பெயரில் முதல் மாதமே வாங்கிவிடுங்கள்.