கூலர் மோட்டாருக்கு எண்ணெயா, கிரீஸா, ஸ்பிரேயா?

ஏர் கூலர் கிறீச்சிட ஆரம்பித்ததும் கைக்குக் கிடைத்த எண்ணெயை மோட்டாரின் ஷாஃப்டில், அதாவது சுழலும் தண்டில், ஊற்றிவிடுகிறோம். இரண்டு நாள் அமைதி. அப்புறம் பழைய சத்தம், கொஞ்சம் கூடுதலாகவே. எண்ணெயா கிரீஸா என்று பட்டிமன்றம் வைப்பதற்கு முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே ஷாஃப்டைத் தாங்குவது புஷ்ஷா (வெறும் உலோக வளையம்) பால் பேரிங்கா (குண்டுகள் உருளும் வளையம்) என்று பார்த்துவிடுங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

சின்ன மோட்டார்களில் பெரும்பாலும் புஷ்தான். வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த வளையம் அது, உடம்பெல்லாம் நுண்துளை. ஷாஃப்ட் சுழன்று சூடேறும்போது துளைகளிலிருந்து எண்ணெய் கசியும், ஆறியதும் திரும்ப உள்ளே போகும். பல மோட்டார்களில் புஷ்ஷைச் சுற்றி எண்ணெய் குடித்த ஃபெல்ட் துணியும் இருக்கும். இதில் கிரீஸைத் தடவினால் துளைக்குள் நுழையாது, வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆகவே புஷ்ஷுக்கு எண்ணெய்தான்.

எந்த எண்ணெய்? என் ஓட்டு டிடர்ஜென்ட் கலக்காத எஸ்.ஏ.இ. 20 (எண்ணெயின் அடர்த்தியைக் குறிக்கும் தர எண்) ஆயிலுக்கு. தையல் மெஷின் எண்ணெய் மோசமில்லை. ஆனால் மெல்லியது, சீக்கிரம் வற்றும், அடிக்கடி விட வேண்டும். கார் என்ஜின் ஆயில் இவற்றைவிட உசத்தி என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் உள்ள டிடர்ஜென்ட் அழுக்கை எண்ணெயிலேயே மிதக்க வைக்கும். என்ஜினில் அதைப் பிடிக்க ஃபில்டர் இருக்கிறது. இங்கே அந்த அழுக்கு புஷ்ஷின் துளைகளுக்குத்தான் போய்ச் சேரும். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சூட்டில் பிசினாகி ஷாஃப்டையே பிடித்துக்கொள்ளும். எதுவானாலும் ஒரு பக்கத்துக்கு நாலைந்து சொட்டு போதும். வழிந்தால் காயிலில் இறங்கித் தூசியைச் சேர்க்கும்.

பால் பேரிங் என்றால் கிரீஸ். ஆனால் இருபுறமும் ரப்பர் சீல் போட்ட பேரிங்கில் கிரீஸை அடைத்தே அனுப்பியிருப்பார்கள். அது உறும ஆரம்பித்தால் மாற்றுவதுதான் வழி, வெளியே பூசி லாபமில்லை. பெரிய கூலர்களில் புளோயர் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால், தண்ணீரைத் தாங்கும் மரைன் கிரீஸ் சாதாரண லித்தியம் கிரீஸைவிட நன்றாக நிற்கும். ஈரக்காற்று ஓயாமல் படும் இடமல்லவா. பழைய கிரீஸ் வேறு வகையாக இருந்தால் துடைத்துவிட்டுப் போடுங்கள், சில வகைகள் ஒன்றோடொன்று சேராது. பிதுங்கும் வரை அடைக்கவும் கூடாது, சூடேறும். பெல்ட்டில் ஒரு துளி பட்டாலும் வழுக்கும்.

டபிள்யூ.டி-40 ஸ்பிரேயை 1953-இல் உருவாக்கியதே ஈரத்தை விரட்டத்தான். துருப்பிடித்து இறுகிய ஷாஃப்டை விடுவிக்க அருமையானது. அதோடு நிறுத்திவிட்டால் சிக்கல்: இருந்த எண்ணெயைக் கரைத்துக் கழுவிவிட்டுத் தானும் பெரும்பாலும் ஆவியாகிவிடும். அடித்த பின் உரிய எண்ணெயை விடாமல் ஓட்டாதீர்கள்.

தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் பம்புக்கு இவை எதுவும் தேவையில்லை, தண்ணீரே அதற்கு மசகு. எண்ணெய் விட்டால் தொட்டியில் மிதந்து பேடில் ஏறி, அறையெல்லாம் நாறும்.

இன்னொன்று: ஃபேன் கையால் சுற்றினால் லேசாகச் சுழன்று, சுவிட்சைப் போட்டால் வெறுமனே முனகுகிறதா? எண்ணெய்க் குப்பியை மூடிவைத்துவிட்டு முதலில் மோட்டாரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.