'மிலிட்டரி கிரேடு' உறையை நம்பி அரை மாதச் சம்பளத்தை இழந்தேன்

நேற்று ராத்திரியிலிருந்து மனசு கொதிக்கிறது. ஆறட்டும் என்று விட்டால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். இ-ரீடருக்கு (மின்புத்தகம் படிக்கும் கருவிக்கு) உறை வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. அச்சுப் புத்தகத்தைத் தொட்டு ஒரு வருஷமாகிவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கட்டும் என்று ஒரு இ-ரீடர் வாங்கிக் கொடுத்தேன். விலை என் அரை மாதச் சம்பளம். அவர் கை லேசாக நடுங்கும் என்பதால் உறைக்காக மட்டும் இரண்டு நாள் தேடினேன். பெரிய இணைய விற்பனைத் தளம் ஒன்றில், "மிலிட்டரி கிரேடு, 4 அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் பாதுகாப்பு" என்று ஒரு ஃபிளிப் கவர், அதாவது புத்தக அட்டைபோல மூடும் உறை, இருந்தது.

தலைப்பில் "6 அங்குல இ-ரீடர்களுக்கு" என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. விற்பவருக்கு மாடல் பெயர், எத்தனையாவது தலைமுறை எல்லாம் எழுதி, கை நடுங்கும் பெரியவருக்காக வாங்குகிறேன் என்றும் சொல்லித்தான் கேட்டேன். ஐந்தே நிமிடத்தில் பதில்: "கண்டிப்பாகப் பொருந்தும் மேடம். இதே மாடலுக்கு நிறைய பேர் வாங்கியிருக்கிறார்கள். கவலையே வேண்டாம்." அந்தக் 'கவலையே வேண்டாம்' என்ற வார்த்தையைத்தான் நம்பினேன்.

உறை வந்தது. கருவி உள்ளே போனது, ஆனால் கொஞ்சம் ஆடியது. மூடினால் திரை தானாக அணைய வேண்டும், அணையவில்லை. "மூடினா தூங்கிடும்னு சொன்னியேம்மா, தூங்கலையே" என்று அப்பாவே கேட்டார். விற்பவரிடம் கேட்டதற்கு, "செட்டிங்ஸில் பாருங்கள்" என்று ஒரே வரி. பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூடியில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். அது கருவிக்குள் இருக்கும் உணரிக்கு நேராக வந்தால்தான் திரை அணையும். நேராக வரவில்லை என்றால், அந்த உறை வேறு மாடலின் அளவில் செய்ததாக இருக்கலாம். இது அன்றைக்கே தெரிந்திருந்தால் அப்போதே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது மடியிலிருந்து நழுவி விழுந்தது. முட்டி உயரம்கூட இல்லை. உறையின் மூலையிலிருந்து கருவி பிதுங்கி, அந்த மூலை தரையில் மோதியது. மேலே ஒரு கீறல் இல்லை. ஆனால் இந்த மின்-மை (இ-இங்க்) திரைக்குப் பின்னால் மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது, உடைந்தது அது. மேல் பாதியில் அவர் படித்துக்கொண்டிருந்த பக்கம் அப்படியே உறைந்து நிற்கிறது. அணைத்தாலும் போகவில்லை. "நான்தாம்மா கீழ போட்டுட்டேன்" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றதை என்னால் தாங்க முடியவில்லை.

பழுது பார்க்கும் இடத்தில், திரை மாற்றுவதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றார்கள். அரை மாதச் சம்பளம் போய்விட்டது.

விற்பவரைக் கூப்பிட்டால், "உறைக்கு ஒன்றும் ஆகவில்லையே மேடம்" என்கிறார். உறையைக் காப்பாற்றவா உறை வாங்கினேன்? தளத்தில் கேட்டால், திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டது, விற்பவரிடம் பேசுங்கள் என்கிறார்கள். விற்பவர் தயாரிப்பாளரிடம் பேசச் சொல்கிறார். பெட்டியில் இருந்த தயாரிப்பாளர் மின்னஞ்சலுக்கு அனுப்பினால் திரும்பி வருகிறது. கடைசியில், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு செய்தி வந்தது.

இந்த 'மிலிட்டரி கிரேடு' என்ன என்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். எந்த ராணுவமும் இந்த உறைகளைச் சோதித்துச் சான்று தருவதில்லை. 'மிலிட்டரி கிரேடு' என்பவர்கள் வழக்கமாகக் காட்டுவது மில்-எஸ்டிடி-810 (MIL-STD-810). அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளைச் சொல்லும் ஆவணம், அவ்வளவுதான். 122 செ.மீ. (4 அடி) உயரத்திலிருந்து 26 முறை கீழே போடும் சோதனை அதில் இருக்கிறது. அந்த 26 முறையையும் ஒரே பொருளில் செய்ய வேண்டியதில்லை, ஐந்து மாதிரிகள் வரை பிரித்துக்கொள்ளலாம். செய்தேன் என்று தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். என்னிடம் இருக்கும் பெட்டியில் யார் சோதித்தது, எந்த முறையில் என்று ஒரு வரிகூட இல்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அங்குலத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அது திரையின் மூலைவிட்ட அளவு மட்டும்தான். கருவியின் நீளம், அகலம், தடிமனை மி.மீ. கணக்கில் ஒப்பிடுங்கள். வந்த அன்றே மூடிப் பாருங்கள், லேசாகக் குலுக்கிப் பாருங்கள். ஆடினாலோ திரை அணையாவிட்டாலோ அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். விற்பவர் எழுதியதை எல்லாம் படம் எடுத்து வையுங்கள். என்னிடம் இருக்கிறது, அதை வைத்துத்தான் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.