‘மரம் கடிக்குது அம்மா’: விளக்கு சுற்றி விற்கும் கிறிஸ்துமஸ் மரம் வாங்குபவர்கள் கவனத்துக்கு

விளக்குச் சரம் ஏற்கெனவே சுற்றி, பெட்டியில் வைத்து விற்கிறார்களே, அந்த மாதிரி பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் உங்கள் வீட்டில் இப்போது எரிந்துகொண்டிருக்கிறதா? முதலில் எழுந்துபோய் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். எங்கள் வீட்டில் அந்த மரம் பத்து நாள் நின்றது. பதினோராவது நாள் என் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

நாங்கள் இருப்பது பெரம்பூரில். குடில் பொம்மை, ஸ்டார், சீரியல் செட் எல்லாம் வாங்க ஒவ்வொரு வருஷமும் பாரிமுனைப் பக்கம் போவது வழக்கம். என் அப்பா இருந்தவரை வீட்டில் சவுக்குக் கிளைதான். மணல் நிரப்பிய பெயின்ட் வாளியில் அதை நட்டு, கலர் பேப்பர் சுற்றி, பஞ்சைப் பிய்த்துப் பனி என்று ஒட்டுவோம். இந்த வருஷம் என் நான்கு வயது மகள் பள்ளியில் பெரிய மரம் பார்த்துவிட்டு வந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். சரி, ஒருமுறை வாங்கினால் பத்து வருஷம் வரும் என்று ஆறடி மரம் வாங்கப் போனோம்.

கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது ஒரு சந்துக்குள், வாசல் வரை பெட்டி அடுக்கியிருக்கும் கடை. “தீப்பிடிக்குமா?” என்று நான்தான் கேட்டேன். கடைக்காரர் உடனே லைட்டரை எடுத்து, மரத்தின் ஓர் ஊசி இலையில் வைத்துக் காட்டினார். இலை கறுத்துச் சுருண்டது. லைட்டரை எடுத்ததும் தானாக அணைந்துவிட்டது. “பாருங்க மேடம், ஃபயர் ப்ரூஃப். நீங்க கொளுத்தினாலும் எரியாது” என்றார். பெட்டியிலும் சிவப்பு ஸ்டிக்கரில் அதையே ஒட்டியிருந்தார்கள். கண் முன்னால் பார்த்ததால் நம்பிவிட்டேன். அந்தச் சோதனை உண்மைதான் என்பதும், அதை வைத்து எதையும் நம்பியிருக்கக் கூடாது என்பதும் பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

விலை 3,200 ரூபாய். பில் கேட்டதற்கு, “பில் போட்டா ஜிஎஸ்டி தனியா வரும், தேவையா மேடம்?” என்றார். வேண்டாம் என்று சொன்னேன். ஒரு துண்டுச் சீட்டில் ‘மரம் 1’ என்று எழுதி, தொகையைப் போட்டுக் கொடுத்தார். பணத்தை யு.பி.ஐ.யில் கட்டியிருந்தேன். கடைசியில் எங்களுக்கு உதவியது அது ஒன்றுதான். கிளம்பும்போது, “லைட் பத்தலைன்னா கடைசி முனையில இன்னொரு செட் மாட்டிக்கலாம், பத்து செட் வரைக்கும் தாங்கும்” என்றும் சொல்லி, இரண்டு செட் கூடுதலாக விற்றார்.

மரம் வந்த மூன்றாவது நாள் மகள் சொன்னாள்: “அம்மா, மரம் கடிக்குது.” கிளையின் நுனியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, அது குத்தியிருக்கும் என்று நினைத்து, நுனியை மடக்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் சொன்னாள். நான் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. காலில் ரப்பர் செருப்பு போட்டிருந்தேன். குழந்தை சொன்னதை அப்போதே நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். இதை நினைக்காமல் இன்றுவரை ஓர் இரவு கூடத் தூங்கவில்லை.

பதினோராவது நாள் காலை. வெளியே மழை என்று வீடே இருட்டாக இருந்தது. மகளுக்காக மர விளக்கைப் போட்டு வைத்திருந்தோம். அத்தை ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மொசைக் தரை, வெறுங்கால், ஈரக் கை. மரத்துக்கு அடியில் துடைப்பதற்காக நடுக்கம்பைப் பிடித்து நகர்த்தினார். ஒரு சத்தம் வந்தது. அது அவர் குரல் மாதிரியே இல்லை. கையை எடுக்க முடியவில்லை. என் கணவர் அவரைத் தொடாமல் ஓடிப்போய் மெயினை அணைத்தார். அத்தை கீழே விழ, மரம் குடில் மேல் சாய்ந்தது. மாலை ஜெபத்துக்குக் குடிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். இது மாலையில் நடந்திருந்தால் வைக்கோலும் பஞ்சும் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தார்கள். உள்ளங்கையில் சின்னதாக ஒரு கருகல். கடவுள் புண்ணியத்தில் வேறு ஒன்றும் இல்லை. அவருக்கு வயது 67.

அடுத்த தெருவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்துச் சொன்னதுதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி. அவர் மரத்தின் கிளையில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது. பிளாஸ்டிக் மரத்தில் மின்சாரம் எப்படி என்று கேட்டேன். ஒரு கிளையை வளைத்து, இலையை ஒதுக்கிக் காட்டினார். உள்ளே இரண்டு இரும்புக் கம்பியை முறுக்கி, அந்த முறுக்கில்தான் பிளாஸ்டிக் இலையைச் செருகியிருக்கிறார்கள். எல்லாக் கிளையும் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயில் மாட்டியிருக்கிறது. வெளியே தெரிவதுதான் பிளாஸ்டிக், உள்ளே முழுக்க இரும்பு. விளக்கு ஒயரின் தோல் எந்த இடத்தில் கிழிந்து கம்பியில் பட்டாலும் மொத்த மரமும் ஷாக் அடிக்கும். எங்கள் மரத்தில் பிளக்குக்கு அருகே, ஒயரைக் கிளையோடு இறுக்கிக் கட்டியிருந்த இடத்தில், தோல் கிழிந்திருந்தது. அதைக் கட்டியது நாங்கள் இல்லை. பெட்டியில் அப்படியேதான் வந்தது.

அப்படியானால் ஏன் சில நாள் மட்டும் ‘கடித்தது’? அதற்கும் பதில் சொன்னார். அது இரண்டு முள் பிளக். எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் செருகலாம். கிழிந்த இடம் நியூட்ரல் பக்கம், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியின் பக்கம், அமைந்தால் ஒன்றும் தெரியாது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் அதே இடத்தில் கிட்டத்தட்ட 230 வோல்ட் நிற்கும். இந்த மாதிரி மலிவான செட்டில் வோல்டேஜைக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சுவர் மின்சாரம் நேராக ஒயருக்குள் வருகிறது. சின்ன பல்புதானே, சின்ன மின்சாரம்தானே என்று நாம் நினைப்பது தப்பு.

“எம்.சி.பி. விழுந்திருக்க வேண்டாமா அண்ணே?” என்று என் கணவர் கேட்டார். மெயின் போர்டில், மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்தான் எம்.சி.பி. விழாது என்றார். அது விழ வேண்டுமானால் பல ஆம்பியர் ஓட வேண்டும். ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு உடம்பு வழியாக ஓடினாலே ஆளைக் கொன்றுவிடும். அந்தக் கசிவைப் பிடிக்க ஆர்.சி.சி.பி. வேண்டும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது மின்சாரத்தை வெட்டிவிடும். எங்களுடையது பழைய வீடு, அது இல்லை. அன்றைக்கே போட்டோம். வாடகை வீடாக இருந்தாலும் வீட்டுக்காரரிடம் பேசி இதை மட்டும் போட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸ் மரத்துக்கு மட்டும் இல்லை, வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாவற்றுக்கும் அதுதான் காவல்.

1960-களில் அமெரிக்காவில் அலுமினிய மரங்கள் பிரபலமாக இருந்தபோது, அவற்றின் மேல் விளக்குச் சரம் சுற்ற மாட்டார்களாம். உலோகத்தில் மின்சாரம் பாயும் என்று பயந்து, தரையில் வைத்த விளக்குக்கு முன்னால் வண்ணச் சக்கரத்தைச் சுழலவிட்டு ஒளி அடிப்பார்களாம். அந்த மரத்தைப் பார்த்தாலே உலோகம் என்று தெரியும். நம் வீட்டு மரத்தில் இரும்பு பச்சை இலைக்குள் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். முதல் சரத்தின் கடைசி முனையில் நாங்கள் மாட்டிய இரண்டு செட்டின் இணைப்பு பழுப்பாகி, உருகத் தொடங்கியிருந்தது. ஒயரை வெட்டிக் காட்டினார். உள்ளே தலைமுடி மாதிரி நாலைந்து செம்பு இழைகள்தான். பின்னால் மாட்டும் செட்டுகளின் மின்சாரமும் முதல் செட்டின் இழைகள் வழியாகத்தான் போக வேண்டும். பத்து செட் தாங்கும் என்று எதை வைத்துச் சொன்னார்கள்?

லைட்டர் சோதனைக்கு வருகிறேன். அந்த இலை பிவிசி என்ற பிளாஸ்டிக். அதில் குளோரின் இருப்பதால் நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும், அது நிஜம். ஆனால் சூடு தொடர்ந்து இருந்தால், அல்லது பக்கத்தில் பஞ்சும் காகிதமும் வைக்கோலும் எரிந்தால், பிவிசியும் சேர்ந்து கருகி ஹைட்ரஜன் குளோரைடு புகையை விடும். மூச்சுக்குழாயின் ஈரத்தில் பட்டால் அது அமிலமாக மாறும். கதவு சாத்திய ஹாலில் நெருப்பை விட அந்தப் புகைதான் முதலில் ஆளைச் சாய்க்கும். எளிதில் தீப்பிடிக்காது என்பதும் தீயே பிடிக்காது என்பதும் ஒன்றல்ல. அந்த ஸ்டிக்கருக்கும் விளக்கு ஒயருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

உருகின இணைப்பையும் கிழிந்த ஒயரையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். “பில் இருக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம், “கேரண்டி மரத்துக்குத்தான், லைட்டுக்கு இல்ல.” கடைசியாக, “ஈரக் கையோட தொட்டா எதுவும் ஷாக் அடிக்கத்தான் செய்யும்.” என் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று சொன்ன பிறகும் இதே பதில். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து அதே பெட்டியைக் காட்டி விலை கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் வாங்காமல் போய்விட்டார். அதற்காகக் கடைக்காரர் எங்களைத் திட்டி வெளியே போகச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது, ஆனால் சொன்னதற்காக வருத்தம் இல்லை.

வீட்டுக்கு வந்து 1915-க்குப் போன் செய்தேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண். யு.பி.ஐ. விவரம், ஒயரின் படம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் கொடுத்துப் புகார் பதிவு செய்தோம். 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. புகார் போன பிறகு கடையிலிருந்து கூப்பிட்டு, 1,000 ரூபாய் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். மறுத்துவிட்டோம். மிச்சமிருக்கும் பெட்டிகளை விற்பனையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. இதுவரை எடுக்கவில்லை.

மரம் இல்லாமல் பண்டிகை வேண்டாம் என்பவர்களுக்கு நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மரத்தை வெறும் மரமாக வாங்குங்கள், விளக்கைத் தனியாக வாங்குங்கள். எல்.இ.டி. சரம் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவுப் பட்டியலில் இருக்கிறது. பெட்டியில் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். கடையிலேயே நின்று பாருங்கள். அடாப்டர் வைத்துக் குறைந்த வோல்டேஜில் எரியும் சரம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒயரை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டாதீர்கள். இலை மேல் தளர்வாகப் படரவிட்டாலே போதும். தூங்கப் போகும்போதும் வெளியே போகும்போதும் பிளக்கைக் கழற்றுங்கள். மரம் வாசல் வழியை மறிக்கக் கூடாது. மெழுகுவர்த்தியும் ஊதுவத்தியும் மரத்துக்கும் குடிலுக்கும் பக்கத்திலேயே வேண்டாம். வீட்டுக்குள் எரியும் செட்டை மழையில் நனையும் பால்கனி ஸ்டாருக்கு மாட்டவே கூடாது.

பரணில் இருந்து பழைய மரம் எடுப்பவர்கள் ஒயரை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள், பிளக்கைச் செருகுவதற்கு முன்னால்தான். எலி கடித்திருக்கும். இலை நொறுங்கித் தூளாக உதிர்ந்தால் அந்த மரத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். பிவிசி கெட்டுப்போகாமல் இருக்க ஈயம் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. குழந்தைகளுக்கு இந்த அளவு ஈயம் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மரத்தைப் பிரித்து மாட்டியதும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், குழந்தை கையையும். ரிமோட்டில் பட்டன் பேட்டரி இருந்தால் அதன் மூடி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் கையால் இழுக்காதீர்கள். மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் வெளியே வந்து 101-ஐக் கூப்பிடுங்கள்.

நாங்கள் வாங்கிய பெட்டியின் அடையாளம்: பச்சை அட்டைப் பெட்டி, முன்பக்கம் பனி விழும் வீட்டின் படம், வலது மூலையில் சிவப்பு வட்ட ஸ்டிக்கர். தயாரித்தவர் பெயரோ முகவரியோ பதிவு எண்ணோ எந்தப் பக்கத்திலும் இல்லை. உள்ளே பச்சை ஒயர், வெள்ளை இரண்டு முள் பிளக், எட்டு விதமாக மின்னும் சின்னக் கறுப்புப் பெட்டி. இதே பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால் விளக்கை முழுதாகக் கழற்றி எடுத்துவிடுங்கள். அதை வாங்கியவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.